பழைய ஈ கிளாஸ், 5 சீரிஸ், ஏர் வைத்த ஏ6: பின்சீட்டுக்கு எது மெத்து?

கேள்வி: நாலுசக்கரம்

2013–15 மாடல்களில் மூன்றைப் பரிசீலிக்கிறேன். காயில் ஸ்பிரிங் வைத்த மெர்சிடிஸ் ஈ கிளாஸ் (டபிள்யூ212), பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ் (எஃப்10), ஏர் சஸ்பென்ஷன் வைத்த ஆடி ஏ6 (சி7). பின்சீட்டில் எப்போதும் வயதான இருவர் இருப்பார்கள், டிக்கி நிறைய சாமான். ‘பி.எம்.டபிள்யூ இடிக்கும், மெர்சிடிஸ் மெத்து, ஏர் மிதக்கும்’ என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். இதில் எவ்வளவு டிசைன், எவ்வளவு டயர், எவ்வளவு தேய்மானம்? வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1: ஸ்டரட்மவுண்ட்

முதலில் இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மேடு பள்ளத்தில் பாடி மொத்தமாக ஏறி இறங்குவது ஒன்று. அது ஸ்பிரிங், ஷாக் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வேலை. பாலத்து இணைப்பில் ‘டப்’ என்று முதுகுத்தண்டில் ஏறுவது வேறு. அது டயர், புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), ஷாக்கின் உராய்வு மூன்றும் சேர்ந்த வேலை. ‘இடிக்குது’ என்று ஜனங்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

காகிதத்தில் பார்த்தால் எஃப்10தான் உசத்தி. முன்னால் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் ஆர்ம் (இணைப்புக் கை) பிடித்திருக்கும், அதனால் பக்கவாட்டு விசை ஷாக் தண்டில் ஏறாது. டபிள்யூ212 முன்னால் மெக்ஃபர்சன் ஸ்டரட், அதாவது ஷாக்கே சக்கரத்தை மேலே பிடிக்கும் தூண். அதில் தண்டு வளைவு விசையையும் தாங்குவதால் உராய்வு கூடும், சின்ன அதிர்வு ஷாக்கை அசைக்காமல் நேரே பாடிக்குப் போகும். ஆனாலும் ஈ கிளாஸ் மெத்தென்று இருப்பதற்குக் காரணம் ஷாக்கின் உள்ளே இருக்கிறது. சின்ன அசைவில் ஆயில் தனிப் பாதை வழியாக எளிதாகப் போய்விடும். அசைவு பெரிதானால் அந்தப் பாதை அடைபட்டு ஷாக் இறுகும். மோட்டார், சென்சார் எதுவும் கிடையாது, எல்லாம் மெக்கானிக்கல்.

ஸ்பிரிங் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சொகுசு செடானில் பாடி ஆடும் வேகம் நொடிக்கு 1 முதல் 1.2 தடவை என்ற அளவில் இருக்கும். நொடிக்கு 1 தடவை வேண்டுமென்றால், காரின் எடையில் ஸ்பிரிங், சக்கரத்தில் அளந்தால், சுமார் 25 செ.மீ. அமுங்க வேண்டும். 1.5 தடவைக்கு 11 செ.மீ. போதும். காயில் வைத்த காரில் ஆளும் சாமானும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, பம்ப் ஸ்டாப் (அசைவின் கடைசியில் முட்டும் ரப்பர்) வரைக்கும் உள்ள இடம் குறையும். வேகத்தடையில் ‘டொம்’ என்று அடிப்பது அதனால்தான். ஏரில் எடை கூடினால் காற்றழுத்தமும் கூடும், உயரம் அப்படியே நிற்கும், ஆடும் வேகமும் பெரிதாக மாறாது. உங்கள் உபயோகத்துக்கு ஏரின் நிஜமான லாபம் இதுதான். கூர்மையான பள்ளத்தில் ஏர் அதிசயம் எதுவும் செய்யாது. பெல்லோவின் (காற்று அடைத்த பை) ரப்பரே சின்ன அசைவில் கொஞ்சம் விறைப்பு காட்டும்.

பதில் 2: டயர்வால்

எஃப்10 இடிப்பதில் பெரும்பங்கு ரன்-ஃபிளாட் டயருக்கு. காற்றே இல்லாமல் 80 கி.மீ. தூரம் ஓட வேண்டும் என்பதற்காகப் பக்கச்சுவரைத் தடியாகச் செய்திருக்கிறார்கள். அது மடங்காது.

18 இஞ்ச் 245/45 டயரின் பக்கச்சுவர் 110 மி.மீ. 17 இஞ்ச் 225/55 போட்டால் 124 மி.மீ. வெளி விட்டம் 678-க்கு 679 மி.மீ., அதனால் ஸ்பீடோமீட்டரில் வித்தியாசம் தெரியாது. இதையே சாதாரண டயராகப் போட்டால் வேறு கார் மாதிரி இருக்கும். லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையின் குறியெண்) பழையதற்குக் குறையக் கூடாது. ஸ்டெப்னி இல்லையென்றால் பங்சர் கிட்டும் கம்ப்ரெசரும் டிக்கியில் கட்டாயம். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள், அளவு பி.எம்.டபிள்யூவில் டிரைவர் கதவுத் தூணில், மெர்சிடிஸில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும்.

பதில் 3: டார்க்ரெஞ்ச்

பார்க்க வேண்டியவை, வேலைக்காரன் பாஷையில்.

ஏர் காரை மட்டமான இடத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையும் டேப்பில் அளந்து எழுதுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணும் முன், கதவைக்கூடத் திறக்காமல், மறுபடி அளங்கள். நாலும் சமமாகச் சில மி.மீ. இறங்கினால் குளிர்ச்சியில் காற்று சுருங்கியது, விட்டுவிடலாம். ஒரே மூலை 2 செ.மீ. இறங்கினால் அந்த பெல்லோ அல்லது அதன் மேல் யூனியன் (காற்றுக் குழாய் இணைப்பு). முன் இரண்டுமோ பின் இரண்டுமோ சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக் (காற்றைப் பிரித்து அனுப்பும் பெட்டி) மீது சந்தேகம். காரை உயர்த்தி, பெல்லோ மடிப்பில் சோப்புத் தண்ணீர் அடித்தால் நுரை காட்டிக்கொடுக்கும்.

சின்ன லீக்கை விட்டுவைத்தால் அதை ஈடுகட்ட கம்ப்ரெசர் ஓயாமல் ஓடிக் கருகும். புது கம்ப்ரெசர் போடும்போது ரிலேயையும் (அதற்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) மாற்றுங்கள்; ஒட்டிக்கொண்ட பழைய ரிலே புது மோட்டாரையும் எரிக்கும். காற்று இறங்கிய ஸ்டரட் மேல் காரின் எடையை இறக்கவே கூடாது, பெல்லோ தப்பாக மடிந்து கிழியும். ஆடியில் ஜாக் போடும் முன் ஸ்கிரீனில் ஜாக் மோட் (ஏர் தானாக உயரத்தைச் சரிசெய்வதை நிறுத்தும்) ஆன் பண்ணுங்கள்.

காயில் கார்களில், பள்ளம் தாண்டியபின் பாடி ஒரே ஆட்டத்தில் அடங்க வேண்டும். இரண்டு மூன்று ஆடினால் ஷாக் போச்சு. கையால் மூலையை அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். 80–100 வேகத்தில் பிரேக் அமுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் எல்லோரும் டிஸ்க்கைக் கடைவார்கள். அதற்கு முன் முன்பக்க ஆர்மின் ஆயில் புஷ்ஷைப் பாருங்கள். கிழிந்தால் உள்ளிருக்கும் திரவம் ஒழுகிக் கறை தெரியும்.

நாலுசக்கரம்

புது ஆர்ம் போட்டும் ஒரு வருஷத்தில் புஷ் கிழிந்தது என்று பலர் புலம்புகிறார்களே, பாலியூரித்தேன் போடலாமா?

டார்க்ரெஞ்ச்

வேண்டாம் சார். பாலியூரித்தேன் கெட்டி, சக்கரம் இடிபடும்போது கொஞ்சம் பின்னால் நகர விடுவதுதான் அந்த புஷ்ஷின் வேலை. சொகுசுக்கு வாங்கிய காரில் அதையே அடைப்பானேன்?

சீக்கிரம் கிழிவது பெரும்பாலும் ஃபிட்டிங் தப்பு. லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். காரை இறக்கியதும் புஷ் முறுகிய நிலையிலேயே நிற்கும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் முறுகும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, கீழிருந்து ஜாக்கில் சக்கரத்தை ஓடும் உயரத்துக்குத் தூக்கி, அதன்பின் டார்க் வையுங்கள் (மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள்). ஒருமுறை மட்டும் பயன்படும் போல்ட் என்று மேனுவல் சொன்னால் புதிது போடுங்கள். கடைசியில் அலைன்மென்ட்.

டயர்வால்

மூன்றில் என் ஓட்டு: லீக் இல்லாத ஏர் ஏ6 கிடைத்து, ஒரு செட் ஸ்டரட்டுக்குக் காசு ஒதுக்க முடிந்தால் அது. இல்லையென்றால் புது ஷாக் போட்ட டபிள்யூ212. எஃப்10 எடுத்தால் டயர் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்; 17 இஞ்ச் வீல் பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று ஒரு வீலை மாட்டிச் சுற்றிப் பார்த்தபின் நாலும் வாங்குங்கள்.