ராத்திரி ஆனால் வேன் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது, அவசரம்

தறிக்காரன்:
வேனைக் கேரவனாக மாற்றி முடித்தாயிற்று. அடுத்த மாதம் ஸ்பிட்டி, லடாக் என்று மூன்று மாதம் கிளம்புகிறோம். ஒத்திகைக்கு ஏற்காட்டில் இரண்டு ராத்திரி தங்கினோம், இரண்டு ராத்திரியும் ஃப்ரிட்ஜ் தானாக நின்றுவிட்டது. ஒரே மூடுபனி, எங்கேயும் போகவில்லை. மறுநாள் மத்தியானம் திறந்தால் இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிப் பால் பாக்கெட் மேலெல்லாம் வழிந்து கிடக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்தால் உடனே ஓடுகிறது. பேட்டரி மீட்டரில் 12.3 வோல்ட் காட்டுகிறது, அப்புறம் ஏன்?

கொண்டலாம்பட்டி பாய்:
என்ன பேட்டரிங்க? எத்தனை ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு)? எந்த வயர்?

பனிமூட்டம்:
சோலார்தான் காரணம். மூடுபனியில் பேனல் எதுவும் தராது. இன்னும் இரண்டு பேனல் போடுங்கள்.

மேட்டூர் மச்சான்:
ராத்திரி நிற்கிற ஃப்ரிட்ஜுக்கு பேனல் எதுக்கு மச்சி? பாடி எர்த்தை, அதாவது வண்டியின் இரும்போடு நெகட்டிவ் வயர் சேரும் இடத்தைப் பாருங்கள், பெயிண்டைச் சுரண்டாமல் போல்ட்டை முறுக்கியிருப்பார்கள்.

வோல்ட்மீட்டர்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் சொல்லியாயிற்று. லடாக் கிளம்புகிறவர் மல்டிமீட்டர் வாங்காமலா கிளம்புகிறார்? பேட்டரியில் அல்ல, ஃப்ரிட்ஜ் பிளக்கில், கம்ப்ரஸர் ஓடும்போது அளந்து சொல்லுங்கள்.

தறிக்காரன்:
ட்யூபுலர் (தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரி), 150 ஏஹெச். வயர் வீட்டு வேலையில் மிச்சமானது, 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்). பேட்டரி சீட்டுக்கு அடியில், ஃப்ரிட்ஜ் பின்கதவு ஓரம், 6 மீட்டர் இருக்கும். பிளக்கில் 11.5 வோல்ட்தான் வருகிறது.

கொண்டலாம்பட்டி பாய்:
அதேதான் தம்பி. போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டர். 1.5 வயரில் 5 ஆம்பியர் ஓடினாலே முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இன்னும் கூட. ஃப்ரிட்ஜில் பேட்டரி பாதுகாப்பு 'ஹை'யில் இருந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அணைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு ஏற்றுவதால் குறை தெரியவில்லை. 6 ஸ்கொயர் வயர் இழுத்து, பேட்டரி பக்கம் ஃபியூஸ் போட்டு, செட்டிங்கை மீடியத்துக்கு மாற்றுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டையும் கழற்றி எறியுங்கள், மேடு பள்ள ரோட்டில் பிளக் ஆடி ஆடிக் கழன்றுவிடும்.

பனிமூட்டம்:
ட்யூபுலரைத் தூக்கிவிட்டு லித்தியம் போட்டால் எல்லாம் சரியாகும்.

வோல்ட்மீட்டர்:
1.5 வயரில் லித்தியமும் அதே கதைதான். மணாலி-லே ரோட்டில் வரும் சார்ச்சு 4,200 மீட்டருக்கு மேல், ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போனால் லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே ஹீட்டர் இல்லாத பேட்டரி காலையில் பேனலில் வெயில் பட்டுச் சார்ஜ் ஏற ஆரம்பித்ததும் கெட்டுத் தொலையும். இதெல்லாம் அடிப்படை.

மேட்டூர் மச்சான்:
வேனுக்குள் இத்தனை அடைப்பதற்கு டிரெய்லர் கேரவன் வாங்கியிருக்கலாம்.

பனிமூட்டம்:
ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரா? எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

மேட்டூர் மச்சான்:
ஏற்காட்டுக்கு இன்னொரு வழி இருக்கிறதே, குப்பனூர் பக்கமாக ஏறினால்?

பனிமூட்டம்:
நீங்கள் முதலில் அந்த ரோட்டில் ஸ்கூட்டரில் போய்விட்டு வாருங்கள்.

கொண்டலாம்பட்டி பாய்:
ரோடு சண்டை அப்புறம். தம்பி, ட்யூபுலர் வீட்டு இன்வெர்ட்டருக்கு உள்ளது, குலுக்கலுக்கு ஆகாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், நீங்கள் படுக்கும் இடத்துக்குள்ளேயே இருக்கிறது. பெட்டி அடித்து மேல் பக்கமாக வெளியே ஒரு குழாய் விடுங்கள். கேஸ் சிலிண்டருக்கு நேர்மாறு: அது கனமான வாயு, தரையில் ஓட்டை வேண்டும்.

தறிக்காரன்:
6 ஸ்கொயர் போட்டாயிற்று, செட்டிங் மாற்றினேன். நேற்று ராத்திரி முழுக்க ஓடியது. நன்றி. பேக்கிங்கில் இருக்கிறேன்.

கொண்டலாம்பட்டி பாய்:
குழாய் விட்டீர்களா?

கொண்டலாம்பட்டி பாய்:
தம்பி?