இன்குளூஷன் பாடி: ‘உள்ளடக்க உடல்’ வேண்டாம், ‘பொதி’ போதும்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

நோய்த்தொற்று கண்ட உயிரணுவுக்குள் நுண்ணோக்கியில் தெரியும் திரளே ‘இன்குளூஷன் பாடி’. அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக ‘உள்ளடக்க உடல்’ என்று சென்ற மடலில் முன்மொழியப்பட்டதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. நாமக்கல், பல்லடம் பகுதிப் பண்ணையாளர்களுக்கு ஆய்வக முடிவைத் தமிழில் விளக்குவது என் வேலை. செத்த கோழியின் ஈரலில் ஏதோ ‘உடல்’ இருப்பதாக எழுதினால், புழுவா பூச்சியா என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் தவறும் இல்லை.

நான் முன்வைக்கும் சொல் ‘பொதி’. பருத்திப் பொதியும் பொதிமாடும் நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாதவை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கிக் கிடப்பது ‘பொதிந்த’ என்னும் வினையிலேயே வந்துவிடுவதால், முன்னே ‘உள்’ சேர்ப்பதும் மிகை.

சொல் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், நுண்ணோக்கியில் பார்ப்பவர் முதலில் கேட்பது ‘எங்கே இருக்கிறது’ என்பதையே. வெறிநோயில் மூளை நரம்பணுக்களின் சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதியில், ஈயோசின் என்னும் சாயம் ஏற்றுச் சிவந்து தெரிபவற்றை 1903-இல் அடெல்கி நெக்ரி விவரித்தார். கோழி அம்மையிலும் பொதி சைட்டோபிளாசத்தில்தான் இருக்கும். மாறாக, இறைச்சிக் கோழிகளை மூன்று முதல் ஏழு வார வயதில் பெரும்பாலும் தாக்கும் அடினோ வைரஸ் ஈரல் அழற்சியில், அது ஈரலணுவின் உட்கருவுக்குள் இருக்கும். ஹெர்பிஸ் வகையில் உட்கருப் பொதியைச் சுற்றி வெளிறிய வளையம் தெரிவதும், சைட்டோமெகலோ வைரஸில் அது ஆந்தைக்கண் போலத் தோன்றுவதும் நோயை இனங்காண உதவுகின்றன. நாய்களின் டிஸ்டெம்பர் நோயில் இரண்டு இடங்களிலும் பொதிகள் காணப்படலாம். ஆகவே இடப்பெயரைத் தாங்கும் வலு சொல்லுக்கு வேண்டும்: உட்கருப் பொதி, சைட்டோபிளாசப் பொதி, நெக்ரிப் பொதி. ‘உட்கருவக உள்ளடக்க உடல்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

‘கருப்பொதி’ என்று இன்னும் சுருக்கலாமே என்று ஈரோட்டு அம்மையார் கேட்டிருந்தார். முட்டை ஊரான நாமக்கல்லில் அதைச் சொன்னால் மஞ்சள் கருதான் நினைவுக்கு வரும், வேண்டாம்.

‘நச்சுயிரிப் பொதி’ (வைரஸ் பொதி) என்ற பரிந்துரையும் பொருந்தாது. டிராக்கோமா என்னும் கண்நோயை உண்டாக்கும் கிளமிடியா பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. கண்ணிமைப் படல அணுக்களில் அது சவ்வு சூழ்ந்த பொதிக்குள் பெருகுகிறது. ஹெர்பிஸின் முதிர்ந்த உட்கருப் பொதியிலோ வைரஸே பெரும்பாலும் இருப்பதில்லை. உள்ளே இருப்பது இன்னது என்று அறுதியிடாத சொல்லே இங்கு நேர்மையானது. கணினித் துறையார் ‘பாக்கெட்’ என்பதற்குப் பொதி என்கிறார்களே என்பது உண்மை. ஆனால் ஈரல் அறிக்கையில் அதைப் படித்துக் குழம்புவார் யாரும் இரார்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

*

ஐயா, வணக்கம். மறுப்பில்லை, ஒரு சேர்க்கை மட்டும். கோபி வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் அஞ்சும் கிராசரி என்னும் வைரஸ் நோயில், பால்போல் கசியும் புழுவின் உடல்நீரைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தாலே பன்முகப் படிகங்கள் தெரியும். அவை வைரஸைத் தம்முள் பொதித்து வைத்திருக்கும் புரதக் கட்டிகள்; புழுவின் காரத்தன்மை மிக்க குடலில் கரைந்து வைரஸை வெளிவிடுகின்றன. காய்ப்புழுவுக்கு நாம் தெளிக்கும் என்.பி.வி. என்னும் வைரஸ் கரைசலில் இருப்பதும் இவ்வகைப் படிகங்களே. நோயிலும் மருந்திலும் ஒரே பொருள் வருவதால் ‘பன்முகப் பொதி’ என்று ஒரே சொல்லை இரண்டிடத்தும் வழங்கலாம். வேளாண் துண்டறிக்கைகளில் ‘உடல்’ என்று அச்சாகும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டுகிறேன்.