மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் சுட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடங்கியவர் (டாலஸ் பக்கம், டெக்சாஸ்)

வணக்கம் நண்பர்களே. நான் முதன்முதலில் வாங்கிய கைத்துப்பாக்கி ஒரு .357 மேக்னம் ரிவால்வர். நாலு அங்குலக் குழல், ஆறு தோட்டா. கடையில் கூடவே ஒரு பெட்டி மேக்னம் தோட்டாவும் வாங்கினேன், குண்டின் எடை 125 கிரெயின். குழலின் மேல் .357 என்று பொறித்திருந்தால் அதைத்தான் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை உள்ளரங்க ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) ஏழு கஜத்தில் தாளைத் தொங்கவிட்டு முதல் தோட்டாவைச் சுட்டேன். சத்தம் நெஞ்சில் வந்து அறைந்தது. கண்ணெதிரே ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீக்கோளம். பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் சுடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். இரண்டாவது சிலிண்டர் (ஆறு தோட்டாவும் உட்காரும் சுழல் உருளை) முடிவதற்குள் விசையை இழுக்கும் முன்பே என் கண் தானாக மூட ஆரம்பித்துவிட்டது. தாளில் விழுந்த ஓட்டைகள் எல்லாம் இடப்பக்கம் கீழே. பாதிப் பெட்டித் தோட்டாவோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று இரவு உள்ளங்கை எரிந்தது நிஜம், ஆனால் அதைவிட, துப்பாக்கியைக் கையில் எடுக்கவே தயக்கம் வந்துவிட்டதுதான் என்னை உறுத்தியது.

அலுவலகத்தில் ஒருவர், பழைய ரிவால்வர்க்காரர், கேட்டதும் சொன்னார்: "அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் போட்டுச் சுட்டுப் பார்."

எனக்கு அதுவரை தெரியாத விஷயம் இது. .38 ஸ்பெஷல் 1898 வாக்கில் வந்த தோட்டா. பெயரில்தான் 38, குண்டின் விட்டம் 0.357, 0.358 அங்குலம்தான். 1935-இல் .357 மேக்னம் வந்தபோது அதன் உறையை (குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் கூடு) ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அங்குலம் வேண்டுமென்றே நீட்டினார்கள். அவ்வளவு அழுத்தமுள்ள தோட்டா பழைய .38 ரிவால்வருக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். இன்றைய அளவில் .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000. இரண்டு மடங்குக்கும் மேல். நெட்டையானது குட்டையின் அறைக்குள் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளை) போகாது, குட்டையானது நெட்டையின் அறைக்குள் தாராளமாக உட்காரும். ரிவால்வரில் தோட்டாவைப் பிடித்து நிறுத்துவது அதன் அடிவிளிம்பு என்பதால், உறை கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் சுடும் ஊசி சரியான இடத்தில் தட்டும்.

அடுத்த வாரம் .38 ஸ்பெஷலில் 148 கிரெயின் வாட்கட்டர் ஒரு பெட்டி வாங்கிப் போனேன். குண்டின் முகம் தட்டையாக இருக்கும். தாளில் பஞ்சிங் மெஷினால் குத்தியது மாதிரி சுத்தமான வட்டம் விழும். வேகம் விநாடிக்கு 700 அடி சொச்சம். அதே இரும்பு, அதே எடை, ஆனால் உதைப்பு தோளில் நண்பன் தட்டுவது போலத்தான். முதல் சிலிண்டரிலேயே ஆறில் நாலு கறுப்பு வட்டத்துக்குள்.

ஆனாலும் கண் மூடுவது போகவில்லை. அந்த அலுவலக நண்பர் என்னோடு ரேஞ்சுக்கு வந்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, மூன்று தோட்டாவுக்கு நடுவே சுட்ட காலி உறைகள் மூன்றைக் கலந்து சிலிண்டரை மூடிக் கொடுத்தார். காலி உறையில் 'டிக்' என்று விழும்போது குழல் முனை இரண்டு அங்குலம் கீழே குத்தியதை என் கண்ணாலேயே பார்த்தேன். துப்பாக்கி துள்ளவில்லை, துள்ளியது நான்தான். மூன்று மாதம் இதையே செய்தோம். மேக்னம் ஒன்றுகூட இல்லை. கை அடங்கியது.

அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவே. மூன்று மாதம் கழித்து, தைரியம் வந்துவிட்டது என்று, மீதமிருந்த மேக்னம் பெட்டியை எடுத்துப் போனேன். முதல் தோட்டா பாதி போனது, முக்கால் போனது, கடைசியில் நின்றுவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினேன். பின்னாலிருந்து ரேஞ்ச் ஆபீசர் கை நீட்டி நிறுத்தினார். சிலிண்டரைக் காலி செய்யச் சொல்லி, டார்ச் அடித்துக் காட்டினார். ஒவ்வொரு அறையிலும் நடுவுக்குச் சற்று முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். குட்டை உறை முடிகிற இடத்தில் கரியும் ஈயமும் குண்டில் தடவிய மெழுகும் சேர்ந்து வெந்து இறுகிப்போனது. குழலை ஒவ்வொரு வாரமும் துடைத்தேன். சிலிண்டர் அறைகளை ஒரு நாளும் தேய்க்கவில்லை.

அவர் சொன்ன காரணம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. மேக்னம் உறையின் வாய் அந்த வளையத்துக்குள் போய் நெருக்கப்பட்டால், சுடும்போது குண்டை விட்டுவிட அதற்கு விரிய இடமிருக்காது, அழுத்தம் ஏறிவிடும். போகாத தோட்டாவைத் தள்ளக் கூடாது, துப்பாக்கியைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான் என்றார். அன்று மேக்னம் சுடவில்லை.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? வளையத்தை எப்படி எடுக்கிறீர்கள்?

மறுமொழி (ஃபீனிக்ஸ், அரிசோனா)

அண்ணா, நான் .44 ஆள். நம் கதை ஒன்றுதான், அளவுதான் பெரிது. .44 மேக்னம் 1955-இல் வந்தது. அதற்கு முன்னால் 1907-இல் .44 ஸ்பெஷல், அதற்கும் முன்னால் .44 ரஷ்யன். மூன்றும் ஒரே அறையில் போகும். ஒவ்வொரு தலைமுறையிலும் உறை கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

மலைப்பாதை நடைக்கு மேக்னம் வைத்திருப்பேன். பழகுவதற்கு ஸ்பெஷல். 246 கிரெயின் குண்டு, விநாடிக்கு 755 அடி. மெதுவாகத் தள்ளும், அடிக்காது. என் மனைவி சுடுவதும் அதைத்தான். ஒன்று கவனியுங்கள்: தோட்டா மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரமும் அதற்குள் துப்பாக்கி எவ்வளவு தூக்குகிறது என்பதும் வேறுபடும். குறி பார்க்கும் பின் சைட்டை எத்தனை கிளிக் திருப்பினேன் என்று தோட்டாப் பெட்டியின் மூடியிலேயே எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் அடுத்த முறை "என் கை சரியில்லை" என்று வீணாகக் குழம்புவோம்.

இப்போது நான் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறேன். மேக்னம் உறையிலேயே ஸ்பெஷல் அளவு மென்மையாக நிரப்பினால் வளையத் தொல்லையே இல்லை. ஆனால் அதில் வேறு ஆபத்து இருக்கிறது. பெரிய உறைக்குள் சிட்டிகை வெடிமருந்து. தவறி இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது. ஐம்பது உறையையும் பலகையில் நிறுத்தி, விளக்கடித்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்த்த பிறகுதான் குண்டை வைப்பேன். அந்த நேரத்தில் வீட்டில் யார் பேசினாலும் பதில் சொல்வதில்லை.

மறுமொழி (ஹூஸ்டன்)

புதியவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு "குட்டையானது எல்லாம் மேக்னத்தில் போகும்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எனக்கு நேர்ந்தது: .22 மேக்னம் சிலிண்டரில் சாதாரண .22 லாங் ரைஃபிள் போட்டுவிட்டேன். உள்ளே போனது, லொடலொடவென்று நின்றது. சுட்டதும் முகத்தில் சூடாகக் காற்று வீசியது. உறை பக்கவாட்டில் கிழிந்து வெளியே வந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. .22 மேக்னத்தின் உறை நீளம் மட்டுமல்ல, பருமனும் அதிகம். இரண்டையும் சுட வேண்டுமென்றால் இரண்டு சிலிண்டர் கொடுக்கும் மாடல்கள் இருக்கின்றன.

.38 என்று பெயர் இருந்தாலே ஒன்று என்றும் நினைக்காதீர்கள். பழைய .38 ஸ்மித் அண்ட் வெஸன் வேறு தோட்டா, உறை குட்டை, பருமன் கூடுதல். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: .38 லாங் கோல்ட் காலத்து ரிவால்வர்கள் சிலவற்றில் அறையை ஒரே நேராகத் துளைத்திருப்பார்கள், உள்ளே தடுப்புப் படி இருக்காது. அதில் .357 மேக்னமே முழுதாக உள்ளே போய்விடும். தாத்தா காலத்துத் துப்பாக்கி கைக்கு வந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் எதையும் போடாதீர்கள்.

மறுமொழி (அட்லாண்டா)

என்னிடம் இருப்பது .327 ஃபெடரல் மேக்னம். அதில் .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம் போகும், .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங்கும் போகும். இந்தக் கடைசித் தோட்டாதான் நம் ஊரில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் கான்பூர் .32 ரிவால்வரிலும் போடுவது. கோவையில் மாமாவிடம் சின்ன வயதில் பார்த்த தோட்டாவை இங்கே கடையில் பார்த்ததும் ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். உதைப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. என் மகள் 21 முடிந்ததும் முதலில் சுட்டது அதுதான்.

மறுமொழி (சேக்ரமென்டோ, கலிபோர்னியா)

தொடங்கியவரிடம் ஒரு வேறுபாடு. .38 மட்டுமே பழகிவிட்டு மேக்னத்தைப் பாதுகாப்புக்கு வைத்திருப்பது சரியில்லை. 1970 ஏப்ரலில் எங்கள் மாநிலத்து நியூஹாலில் நெடுஞ்சாலைக் காவலர்கள் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பயிற்சியில் .38, பணியில் .357 என்ற இடைவெளி அதன் பிறகு நடந்த பேச்சில் திரும்பத் திரும்ப வந்த விஷயங்களில் ஒன்று. பையில் எதை வைத்திருக்கிறோமோ அதைக் கொஞ்சமாவது சுட்டுப் பழக வேண்டும்.

தொடங்கியவர்

சேக்ரமென்டோ நண்பர் சொல்வதை ஏற்கிறேன். இப்போது என் முறை இது: கழுவிய துப்பாக்கியோடு போய், முதலில் இரண்டு சிலிண்டர் மேக்னம், அதுவும் வீட்டில் வைத்திருக்கும் அதே தோட்டா. அறை சுத்தமாக இருப்பதால் சிக்காது. அப்புறம் மீதி நேரம் முழுக்க .38. கண் மூடுகிறது என்று தெரிந்தால் காலி உறை கலந்து பத்து நிமிடம்.

வளையம் எடுக்க, 38 பிரஷ் போதவில்லை. ஒரு அளவு பெரிய 40 வெண்கல பிரஷ் வாங்கினேன். சால்வன்ட் ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, ஒவ்வொரு அறையிலும் இருபது முறை. அதற்கும் மசியாத இரண்டு அறைகளுக்கு, சுட்ட மேக்னம் உறை ஒன்றின் வாயை லேசாக அகட்டி, அதையே உளி மாதிரி உள்ளே தள்ளிச் சுரண்டினேன். வெள்ளைத் துணியில் கறுப்புச் செதிலாக உதிர்ந்தது. கையுறை போட்டுக்கொண்டேன், ஈயம் அல்லவா.

நேற்று சிலிண்டரை நிமிர்த்திப் பிடித்து ஆறு மேக்னத்தையும் மேலிருந்து ஒவ்வொன்றாக விட்டேன். ஆறும் தன் எடையிலேயே இறங்கி, விளிம்பு தட்டி நின்றன.