நம்ம வீடு குரூப்: அக்காவின் ஆபீஸ் டான்ஸ்

அக்கா (யோகோஹாமா): 🎥 வீடியோ
அக்கா: வருடக் கடைசி விருந்தில் எங்கள் டீம் ஆடப்போகிறது. இது ஒத்திகை. வெளியே யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

அத்தை: பின்வரிசையில் நரைத்த தலைக்காரர் யாரடி? உன்னைவிட நன்றாக ஆடுகிறார் 😄

அக்கா: எங்கள் மேனேஜர், அத்தை. பாட்டு வந்தபோதே பழகியதாம்.

அம்மா: எங்கள் காலத்து டிஸ்கோ மாதிரி கேட்கிறதே?

அக்கா: வேண்டுமென்றே எழுபதுகளின் டிஸ்கோ சாயலில் போட்டதுதான், அம்மா. ஏகேபி48 என்ற பெண்கள் குழுவின் 'கோய்சுரு ஃபார்ச்சூன் குக்கி'. 2013 ஆகஸ்ட் 21 அன்று வந்தது.

தம்பி: 48 பேரா?

அக்கா: அப்போது அதைவிட அதிகம்டா. 2005இல் டோக்கியோ அகிஹபாராவில் ஒரு சின்ன அரங்கில் ஆரம்பித்தார்கள். ஒரு சிங்கிளில் (ஒரு பாட்டை முன்னிறுத்தி வரும் சிடி) எல்லாருக்கும் இடம் கிடைக்காது. அதற்குத்தான் அப்போது தேர்தல் வைத்தார்கள்.

மாமா: என்னது, தேர்தலா?

அக்கா: ஆமாம் மாமா. முந்தைய சிங்கிளின் சிடி வாங்கினால் உள்ளே ஓட்டுச்சீட்டு இருந்தது.

மாமா: பத்து சிடி வாங்கினால்?

அக்கா: பத்து ஓட்டு. பெட்டி பெட்டியாக வாங்கியவர்களும் உண்டு.

மாமா: இங்கே ஓட்டுக்குக் காசு தருவார்கள். அங்கே ஓட்டுப் போடுகிறவனே காசு தருகிறானா 🤣

அக்கா: 2013 ஜூன் 8 அன்று எங்கள் ஊர் நிஸான் ஸ்டேடியத்தில்தான் முடிவு சொன்னார்கள். சஷிஹாரா ரினோ 1,50,570 ஓட்டில் முதலிடம். ஓஷிமா யூகோவுக்கு 1,36,503. ஜெயித்தவர்தான் இந்தப் பாட்டில் நடுவில் நிற்கிறார்.
அக்கா: அதில் ஒரு கதை உண்டு. முந்தைய வருடம் ஒரு வார இதழில் சஷிஹாராவின் பழைய காதல் பற்றிச் செய்தி வந்தது. உடனே ஃபுகுவோகா நகரில் இருக்கும் தங்கைக் குழுவான எச்கேடி48க்கு மாற்றிவிட்டார்கள்.

அத்தை: காதலுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டரா! என்ன அநியாயம்.

அக்கா: பாட்டின் வீடியோவையும் அந்த ஃபுகுவோகாவிலேயே எடுத்தார்கள், அத்தை. தெருவில் ஊர் ஜனங்களும் கூடவே ஆடுவார்கள்.

தம்பி: பார்த்தேன். ஸ்டெப் ரொம்ப ஈஸி.

அக்கா: பாப்பாயா சுஸுகி அமைத்த ஆட்டம். இரண்டு கையையும் குவித்து, சோற்று உருண்டை பிடிப்பது போல இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவ்வளவுதான். அதனால்தான் கம்பெனிகள், ஊராட்சிகள் எல்லாம் ஆளுக்கொரு வீடியோ போட்டார்கள். எங்கள் கனகாவா மாகாண வீடியோவில் ஆளுநரே ஆடுகிறார்.

மாமா: ஆளுநரா? லிங்க் போடு, நம்பமாட்டேன்.

தம்பி: இதே பாட்டைத் தாய்லாந்தின் தங்கைக் குழு பிஎன்கே48 பாடியதும் பெரிய ஹிட், மாமா. இந்தோனேசியாவில் ஜேகேடி48கூடப் பாடியிருக்கிறது. எனக்குத் தாய்லாந்து மொழியில் கேட்கத்தான் பிடிக்கிறது.

அக்கா: போடா, ஒரிஜினல்தான் அழகு.

அம்மா: சண்டை இருக்கட்டும். விருந்துக்குச் சேலை கட்டிக்கொண்டு ஆடேன்.

அக்கா: டீமுக்கு ஒரே மாதிரி டி-ஷர்ட்டாம், அம்மா.

அம்மா: என்ன கலர்?