ஷெஃபீல்டு அருகே உள்ள ஈம் கிராமம்: மூட்டுவலி உள்ளவர் நடந்து பார்க்க முடியுமா?

கேள்வி (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மேலூர்):

அனைவருக்கும் வணக்கம். நான் மேலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். என் மகன் ஷெஃபீல்டு நகரத்தில் வேலை பார்க்கிறான். வருகிற ஆகஸ்டில் நானும் என் மனைவியும் ஆறு வாரம் அவனோடு தங்கப் போகிறோம். லண்டனைச் சுற்றிக் காட்ட அவன் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டான். நானாகக் கேட்டது ஓர் ஊரை மட்டும்தான். 1665, 1666ஆம் ஆண்டுகளில் பிளேக் வந்தபோது, அது பக்கத்து ஊர்களுக்குப் போய்விடக் கூடாது என்று தங்கள் ஊரைத் தாங்களே அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த ஈம் கிராமத்தைப் பார்க்க வேண்டும். மதுரையைச் சொக்கநாத நாயக்கர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

இந்த ஊர் ஏன் என் மனத்தை விட்டு அகலவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழா சாட்டிக் காப்புக் கட்டிவிட்டால், விழா முடியும்வரை எவரும் எல்லை தாண்டிப் போய் இரவு தங்கக் கூடாது என்பது வழக்கம். சிறுவயதில் அதைச் சாமிக்கான கட்டுப்பாடாக மட்டுமே நினைத்திருந்தேன். 2020 ஊரடங்கின்போது ஊர் நுழைவில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வெளியாட்களை மறித்தார்கள். அன்றைக்குத்தான் ஈம் மக்களின் நினைவு வந்தது. நாங்கள் முள்ளைப் போட்டது மற்றவர்கள் உள்ளே வராமல் இருக்க, அவர்கள் எல்லை வகுத்ததோ தாங்கள் வெளியே போகாமல் இருக்க. அந்த எல்லையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அன்று முதல் ஆசை.

எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம் உண்டு. சமதரையில் இரண்டு கிலோமீட்டர் நடப்பேன். படி இறங்குவதுதான் சிரமம். ஊரைச் சுற்றியுள்ள வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் தனியாருக்குச் சொந்தமானவை என்கிறார்கள். அவற்றுக்குள் அயலார் நடந்து போகலாமா? ஒரு நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? போய் வந்தவர்கள் எவரேனும் இருந்தால் விளக்கமாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1 (திருமங்கலத்தைச் சேர்ந்த செவிலியர், சில ஆண்டுகள் ஷெஃபீல்டில் இருந்தவர்):

ஐயா, வணக்கம். நான் அந்த ஊருக்கு நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை காரில் போய், தேவாலயத்தையும் அதையொட்டிய வீடுகளையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். அன்று நான் ஈம் கிராமத்தைப் பார்க்கவே இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். நீங்கள் கேட்ட எல்லை ஊருக்குள் இல்லை, வயல்வெளியில் இருக்கிறது. அதனால் ஊருக்குள் பாதி நேரம், வெளியில் பாதி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊருக்குள் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். புனித லாரன்ஸ் தேவாலயத்தின் பக்கத்தில், சாம்பல் நிறக் கல்லில் கட்டிய சிறு வீடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு பலகை, அதில் அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரும் நாளும். லண்டனிலிருந்து தையற்காரர் ஒருவருக்கு வந்த துணிப் பொதியில் பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள் இருந்தனவாம். அதைப் பிரித்து ஈரம் காய வைத்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற பணியாள் 1665 செப்டம்பர் 7 அன்று முதலில் இறந்தார். அந்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன, ஆகவே பலகையைத் தெருவில் நின்றே படித்துவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது. தேவாலய வளாகத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கற்சிலுவை ஒன்று நிற்கிறது. அதன் அருகிலேயே அப்போது ஊர்ப் பாதிரியாராக இருந்த வில்லியம் மாம்பெசனின் மனைவி கேத்தரினின் கல்லறை. நோயாளிகளைக் கணவரோடு சேர்ந்து கவனித்துக்கொண்டிருந்த அவர் 1666 ஆகஸ்டில் இறந்தார். இருபது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கும் எனக்கு அந்த இடத்தை விட்டு உடனே நகர முடியவில்லை.

எல்லைக்கல் ஈமுக்கும் அடுத்த ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவில் புல்வெளியில் கிடக்கிறது. இடுப்பளவுகூட உயரம் இல்லாத, பெரிய கரடுமுரடான பாறைதான். அதன் மேற்பரப்பில் ஆறு குழிகளைக் குடைந்திருக்கிறார்கள். காசு வழியாக நோய் பரவாமல் இருக்க, ஈம் மக்கள் அந்தக் குழிகளில் வினிகரை ஊற்றி அதில் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் உணவையும் மருந்தையும் வைத்துவிட்டுக் காசை எடுத்துச் செல்வார்கள். நான் போன அன்று காலையில் மழை பெய்திருந்ததால் குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது; அதற்குள் பார்வையாளர்கள் போட்ட செப்புக் காசுகள் கிடந்தன. ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். பாறையின் வெளிப்புறம் சொரசொரப்பாக இருக்க, குழியின் விளிம்பு மட்டும் நம் வீட்டு ஆட்டுக்கல்லின் குழியைப் போல வழவழவென்று தேய்ந்திருந்தது.

தனியார் நிலத்தில் நடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொதுப்பாதை என்று பதிவான வழியில் எவரும் நடக்கலாம். நில உரிமையாளர் தடுக்க முடியாது. மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தால் அது நடப்பவர்களுக்கான பாதை, நீல அம்புக்குறி என்றால் குதிரையும் மிதிவண்டியும் போகலாம். பாதையை விட்டு விலகிப் புல்லை மிதிக்காதீர்கள். கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். கன்றோடு நிற்கும் மாடுகளை விட்டுத் தள்ளியே போங்கள். நம் ஊர் மாட்டைப் போல அவை ஆட்களோடு பழகியவை அல்ல.

இந்தப் பக்கத்து வயல்களின் சுவர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சுண்ணாம்போ சிமெண்டோ மண்ணோ வைக்காமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கியவை. இரண்டு பக்கமும் இரண்டு வரிசை, நடுவில் சிறுகல் நிரப்பு, இடையிடையே இரு வரிசையையும் பிணைக்கும் நீளக்கல், உச்சியில் செங்குத்தாக நிறுத்திய கற்கள் என்று வேலை மிகவும் நேர்த்தியாக இருக்கும். சில இடங்களில் ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு இரண்டு கற்களை நட்டு இடைவெளி விட்டிருப்பார்கள், ஆடு அதில் நுழையாது. வேறு சில இடங்களில் சுவரிலேயே படி வைத்திருப்பார்கள். ஈரமாக இருந்தால் அது வழுக்கும், உங்கள் முழங்காலுக்கு அதுதான் சோதனை.

அதனால் என் யோசனை இதுதான். மகன் உங்களை ஈமில் இறக்கிவிட்டு, ஸ்டோனி மிடில்டனுக்குக் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அங்கிருந்து பாதையில் ஏறி எல்லைக்கல்லுக்கு வரட்டும். ஈமிலிருந்து கல் வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கல்லைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டே மெதுவாக அந்த ஊருக்கு இறங்கிவிடலாம். திரும்பி மேடேற வேண்டியதில்லை. கைத்தடி ஒன்று கட்டாயம் வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், அடிப்பாகம் பிடிமானமுள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் என்றாலும் மழைச்சட்டை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பதில் 2 (மதுரை, சிம்மக்கல்):

ஐயா, நானும் வரலாறு படித்தவன் என்பதால் வழியைப் பற்றி எழுதாமல் நிகழ்வைப் பற்றிச் சிலவற்றை எழுதுகிறேன். மொத்தம் 14 மாதங்களில் 260 பேர் வரை இறந்தார்கள். 350 பேரில் 260 பேர் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஆனால் ஊரின் மக்கள்தொகை அதைப் போல இருமடங்கு இருந்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கணிப்பு. ஊரை அடைத்துக்கொண்டதும் நோய் வந்தவுடனே அல்ல, 1666 ஜூனில்தான். அதற்கு முன்பே வசதியுள்ள சிலர் வெளியேறிவிட்டார்கள். மாம்பெசன்கூடத் தம் பிள்ளைகளை முன்கூட்டியே உறவினரிடம் அனுப்பியிருந்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. போக இடமில்லாத ஏழைக் குடியானவர்களும் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுமே அந்த எல்லைக்குள் பெரும்பாலும் இருந்தவர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாம்பெசன் ஊருக்குப் புதியவர், ஊரை அடைத்துக்கொள்ளச் சொன்ன அவருடைய பேச்சு மட்டும் எடுபட்டிருக்காது. அரசு விதித்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துப் பதவி இழந்த முந்தைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியும் அங்கேயே இருந்தார். மக்கள் நம்பியது அவரைத்தான். கொள்கையில் எதிரெதிரான இருவரும் ஒன்றாக நின்று மூன்று முடிவுகளை ஏற்க வைத்தார்கள். அவரவர் வீட்டில் இறந்தவர்களை அவரவரே வீட்டருகில் புதைப்பது, வழிபாட்டைத் தேவாலயத்துக்குள் நடத்தாமல் கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் திறந்த வெளியில் இடைவெளி விட்டு நின்று நடத்துவது, எல்லையைத் தாண்டாமல் இருப்பது. எல்லைக்கு உணவு வந்ததில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் டெவன்ஷைர் பிரபுவுக்கும் பங்கு உண்டு.

முதல் முடிவின் விளைவைப் பார்க்க வேண்டுமானால், ஊருக்குக் கிழக்கே அரைமைல் தொலைவில் மேட்டில் இருக்கும் ரைலி கல்லறைகளுக்குப் போங்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் 1666 ஆகஸ்ட் 3 முதல் 10 வரை எட்டே நாளில் இழந்து, ஏழு பேரையும் தம் கையாலேயே அங்கே அடக்கம் செய்தார். புல்வெளியின் நடுவே சிறிய கற்சுவர் வளையத்துக்குள் அந்தக் கற்கள் நிற்கின்றன. உயிர் தப்பிய அவர் பிறகு உங்கள் மகன் இருக்கும் ஷெஃபீல்டுக்கே போய், அங்கே இருந்த தம் மகனோடு வாழ்ந்தார்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எட்டு நாளில் ஏழு பேர் என்பதைப் படித்தவுடன் என் மனைவி, மற்ற எதையும் விட்டாலும் அந்த இடத்தை விடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ரைலி கல்லறைகளுக்கு ஏறுவதும் எல்லைக்கல்லுக்கு இறங்குவதும் ஒரே நாளில் என்னால் முடியுமா? ஆகஸ்டில் எந்த வாரம் போவது நல்லது? சைவச் சாப்பாடு அங்கே கிடைக்குமா?

பதில் 3 (மதுரை, கே.கே. நகர்):

ஐயா, என் மகள் மான்செஸ்டரில் இருப்பதால் இரண்டு முறை போய் வந்தேன். முதல் முறை குளிர்காலத்தில் போய் ஏமாந்தோம். அருங்காட்சியகம் மூடியிருந்தது; வயல் பாதை முழுக்கச் சேறு; மாலை நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆகஸ்டில் இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும்.

ஆகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையை ஒட்டிப் போகுமாறு சொல்வேன். இறந்தவர்களின் நினைவாக அன்று கக்லெட் டெல்ஃபில் ஆண்டுதோறும் திறந்தவெளி வழிபாடு நடக்கிறது. அதே நாள்களில் ஊர்க் கிணறுகளையும் அலங்கரிப்பார்கள். பெரிய மரச்சட்டத்தில் ஈரக் களிமண்ணைப் பூசி, பூவிதழ்களையும் இலைகளையும் விதைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி முழு ஓவியமாக்கிக் கிணற்றடியில் நிறுத்துவார்கள். நான் கிட்டத்தில் போய்ப் பார்த்தபோது, நீல வானமாகத் தெரிந்த பகுதி முழுவதும் ஓட்டு வேய்ந்ததைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இதழ்களாக இருந்தது, மழைநீர் வழிந்தோடுவதற்காக அப்படி அடுக்குகிறார்கள். முளைப்பாரி எடுக்கும் ஊரில் பிறந்த என் மனைவி, அந்தச் சட்டத்தின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டாள்.

இரண்டு இடமும் ஒரே நாளில் முடியும், ஆனால் ரைலி கல்லறைகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கால் புதிதாக இருக்க வேண்டும். பிறகு தேவாலயம், பலகைகள், அருங்காட்சியகம் என்று ஊருக்குள் மதியத்தைக் கழித்து உட்கார்ந்து எழுந்தபின் எல்லைக்கல்லுக்கு இறங்குங்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தேநீர்க் கடையில் கிடைக்கும். மருந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறவர் என்றால் வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போவதே நிம்மதி. ஞாயிறன்று பேருந்து குறைவு என்பதால் மகனின் காரையே நம்புங்கள். ரயிலில் வந்தால் கிரிண்டில்ஃபோர்டு நிலையத்தில் இறங்கி நான்கைந்து கிலோமீட்டர் மேடேற வேண்டும், அது உங்களுக்கு வேண்டாம்.