உரத்தொட்டியை மூலைக்குத் தள்ளினோம், மூன்றே மாதத்தில் நாறியது

மூன்றாம் மாடிக்காரன்:
குடிவந்த புதிதில் அசோசியேஷனில் ஏகப்பட்ட உற்சாகம். மக்கும் குப்பையை நாமே உரமாக்குவோம் என்று முடிவெடுத்தோம். நாற்றம் வந்தால் யாருக்கும் தெரியக் கூடாது என்று தொட்டியைக் கட்டடத்துக்குப் பின்னால், மதில் மூலையில் வைத்தோம். பக்கத்திலேயே ஒரு பெஞ்சும் போட்டோம். அங்கே யார் போய் உட்காருவார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை!

மூன்று மாதம் கழித்து மூடியைத் திறந்தேன். கறுப்பாகக் கூழ், அதில் நெளியும் புழு, முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே வீசிய பிளாஸ்டிக் கவர்கள். காரணம் எளிமையானதுதான். ஈரக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே போனால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் அழுகுவதுதான் நாறுகிறது. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்காவது காய்ந்த சருகு வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் பார்க்காத மூலையில் சருகு போடுவதற்கு யார் மெனக்கெடுவார்கள்?

தொட்டியை வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து மாடிப்படிக்கு வரும் வழியில் வைக்கலாம் என்றேன். பெரிய சண்டை. சரி, ஒரு மாதம் மட்டும் பார்ப்போம் என்று வைத்தோம். பக்கத்தில் ஒரு சாக்கு நிறைய சருகு, அள்ள ஒரு பழைய மக். குப்பை போட்டால் இரண்டு மக் சருகு. எதிரே ஆள் வரும் இடத்தில் கவரை முடிச்சோடு போட யாருக்கும் கை வரவில்லை. நாற்றமும் போய்விட்டது. பெஞ்சைத் தபால் பெட்டிகளுக்குக் கீழே நகர்த்தினோம், இப்போது அது காலியாக இருப்பதே அபூர்வம்.

இதை ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற ஆய்வாளர்கள் மூவர் 1950லேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடும்பங்களின் குடியிருப்பில் யார் யாரோடு நட்பானார்கள் என்று பார்த்தார்கள். அடுத்த கதவுக்காரர் நண்பராகும் வாய்ப்பு 41 சதவீதம். அதே தாழ்வாரத்தின் மறுகோடியில் இருப்பவர் என்றால் 10 சதவீதம். மாடிப்படிக்கும் தபால் பெட்டிக்கும் அருகில் இருந்தவர்களுக்கு நட்பு வட்டம் பெரிதாக இருந்தது. குணத்தைவிட கால் போகும் வழிதான் முக்கியம் போலிருக்கிறது.

தரைத்தளம்:
சார், பெஞ்ச் பற்றி மறுபக்கமும் கேளுங்கள். முன்பு இருந்த குடியிருப்பில் அந்த மாதிரி பெஞ்சுக்குப் பின்னாடி இருந்தது என் படுக்கையறை சன்னல். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் போனில் தன் வீட்டுக் கடன் கதை முழுக்கச் சொல்வார். போய்ச் சொன்னால் நான்தான் சிடுமூஞ்சி. கடைசியில் பெஞ்சை ஆறடி தள்ளி, சன்னலுக்கு முன்னால் செடிப்பாத்தி போட்ட பிறகுதான் தூங்க முடிந்தது. வரைபடத்தில் பொது இடத்தைப் பச்சையாகத் தீட்டுகிறவர்கள் பின்னாடி ஒரு சன்னல் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

மொட்டை மாடி:
எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சந்திக்கும் இடம், உங்கள் தபால் பெட்டி மாதிரி, பொது சலவை அறைதான். மெல்பர்னின் பிரன்ஸ்விக்கில் 'தி காமன்ஸ்' என்ற 24 வீட்டுக் கட்டடத்தில் கார் நிறுத்தமே கிடையாது, சலவை அறை மொட்டை மாடியில். எங்களுடையதும் மாடியில்தான். முறை எழுதும் தாளில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறை பல மாதமாகக் கிளிப்பில் ஆடுகிறது. ஒருநாள் திடீர் மழை. ஓடிப்போய்ப் பார்த்தால் கொடியில் என் துணி இல்லை. யாரோ எடுத்து மடித்துப் படிக்கட்டில் அடுக்கியிருந்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது.

மூன்றாம் மாடிக்காரன்:
தரைத்தளத்துக்காரர் சொன்னதும் இறங்கிப்போய்ப் பார்த்தேன். எங்கள் பெஞ்சுக்குப் பின்னாலும் ஒரு சன்னல், பகலிலும் சாத்தியே இருக்கிறது. கதவைத் தட்டி, "சத்தம் தொந்தரவா இருக்காம்மா?" என்று கேட்டேன். "பழகிடுச்சுப்பா" என்றார் அந்த அம்மா. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ராத்திரி மட்டும்தான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சை நகர்த்துகிறோம்.