‘ஆடிட் டிரெயில்’: தணிக்கைத் தடமா, திருத்தச் சுவடா?

அன்புடையீர், வணக்கம்.

தமிழ்வழி வணிகவியல் மாணவர்களுக்கான கணக்கியல் தகவல் அமைப்புப் பாடக்குறிப்பைத் திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘ஆடிட் டிரெயில்’ (கணக்கில் நடந்ததைப் பின்தொடர்ந்து பார்க்க உதவும் பதிவு) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி நிற்கிறேன். நிறுமங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் தேதியுடன் பதிய வேண்டும், அவ்வசதியை எவரும் அணைத்துவைக்க இயலக்கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் இந்திய விதி கட்டாயமாக்கியிருப்பதால், இதைத் தவிர்க்க வழியில்லை. 18,500 ரூபாய்க் கொள்முதல் பில்லை ஒருவர் 15,800 என்று மாற்றினால் பேரேட்டில் புதிய தொகைதான் தெரியும். பழைய தொகை இந்தப் பதிவில் கிடக்கும். ‘தணிக்கைத் தடம்’ எனலாமா?

மறுமொழி 1:

தடம் என்பது நடக்கும் வழி; நடந்தவன் விட்டுச்செல்வது சுவடு. ஆகவே ‘திருத்தச் சுவடு’ என்க. சுவடி என்னும் சொல்லுக்கு இணை என்ற பொருளும் உண்டாதலால், பற்றும் வரவுமாக இரட்டைப் பதிவு எழுதும் துறைக்கு இவ்வேர் மிகப் பொருந்தும். கணக்கு எழுதியவனே அதனை ஒப்புவிக்க வேண்டும், அவன் கணக்கை முடிக்க வேறொருவன் புகக்கூடாது என்று பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டே விதித்திருக்க, நமக்குக் கடன்சொல் எதற்கு?

மறுமொழி 2:

கல்வெட்டு இருக்கட்டும். பதினோராம் வகுப்பிலேயே ‘பிழைத் திருத்தம்’ படித்துவிட்டு வரும் மாணவர், ‘திருத்தச் சுவடு’ என்றதும் பிழை நீக்க எழுதும் குறிப்பேட்டுப் பதிவையே நினைப்பார். மேலும், ‘ஆடிட் டிரெயில்’ வேறு, மாற்றங்களின் பட்டியல் வேறு; இவை இரண்டும் ஒன்றல்ல. கொள்முதல் ஆணை, சரக்கு வந்ததற்கான சீட்டு, பில், பேரேடு, இருப்பாய்வு (பற்று, வரவு இருப்புகளின் பட்டியல்) என்று முன்னும் பின்னும் தொடர்ந்து செல்ல இயலும் வழி முழுவதும் முன்னது. மாற்றங்களின் பட்டியல் அதில் ஒரு பகுதி. டேலி என்னும் கணக்கு மென்பொருளின் திரையில் அப்பகுதிக்கு ‘எடிட் லாக்’ என்றே இருக்கிறது. வேலைக்குப் போகும் பிள்ளை அதைத்தான் தேடுவான். சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன குறை?

மறுமொழி 3 (கேட்டவரிடமிருந்து):

முழு வழிக்குத் ‘தணிக்கைத் தடம்’, பட்டியலுக்கு ‘மாற்றப் பதிவேடு’ என்று எழுதி, முதல்முறை வரும் இடத்தில் மட்டும் திரையில் உள்ள பெயரையும் தருகிறேன். பெரும்பாலோர் தனிமடலில் இதற்கே இசைந்தனர். சலிப்பினால் இசைந்தனரோ என்ற ஐயமும் உண்டு.

மறுமொழி 4:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. தணிக்கையாளர் வருமுன்பே அன்றாடம் தானாக உருவாகும் ஒன்றைத் தணிக்கையின் பெயரால் அழைப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. ‘சுவடு’ பற்றி விரிவாக நாளை எழுதுவேன்.